தேய்த்தலும் தேய்தலும்

தமிழ் வினைகளில் ஒரு பெருங்கூட்டம் இரட்டைப் பிறவிகள். உடைந்தது, உடைத்தேன், கரைந்தது, கரைத்தேன், சேர்ந்தது, சேர்த்தேன். வேர் ஒன்றுதான். இடையில் வரும் ‘ந்த்’, ‘த்த்’ என்னும் கால இடைநிலைகளே, செயல் தானாக நிகழ்ந்ததா, ஒருவர் நிகழ்த்தினாரா என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. முதுகலையில் இவ்விணைகளைப் பயின்றபோது எங்கள் ஆசிரியர் ஓர் எளிய சோதனையைக் கற்பித்தார். ‘த்த்’ வடிவம் மெய்யானால் ‘ந்த்’ வடிவமும் மெய்யாக வேண்டும். பானையை உடைத்தேன் என்றால் பானை உடைந்தது. உப்பைக் கரைத்தேன் என்றால் உப்பு கரைந்தது. இச்சோதனைக்கு உடன்படாத வினைகளுள் ஒன்று ‘தேய்’. பல் தேய்த்தேன் என்று நாள்தோறும் சொல்கிறோம். அதனால் பல் தேய்ந்தது என்று எவரும் கொள்வதில்லை. தேய்த்தல் நம் வேலை. தேய்தல் நிலவுக்கும் செருப்புக்கும் உரியது.

இந்த ஒரு வினையின்மேல் கடந்த ஓராண்டாக எனக்கு ஏற்பட்டிருக்கும் ஈடுபாடு இலக்கணத்தால் வந்ததன்று. என் அம்மாவின் பற்களால் வந்தது. அவருடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். இசைவு தரும்போது அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: படம் போடக்கூடாது.

ஐதராபாத்தில் நான் செய்துவரும் முனைவர்பட்ட ஆய்வு குமரி மாவட்டப் பேச்சின் ஒலியியல் பற்றியது. தமிழகத்தின் பெரும்பகுதிப் பேச்சில் ‘பத்து’ம் ‘பற்று’ம் ஒன்றாகிவிட்டன. எங்கள் ஊர்ப்பக்கம் முதியோர் வாயில் பத்து, பற்று, பட்டு மூன்றும் இன்னும் மூன்று இடங்களில் பிறக்கின்றன: பல்லில் ஒன்று, பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் ஒன்று, நா மடங்கி அண்ணத்தைத் தொடும் இடத்தில் ஒன்று. இதை மெய்ப்பிக்க ஒலிப்பதிவு மட்டும் போதாது. நா எங்கே தொட்டது என்பதைக் காண வேண்டும். அதற்கு ஒலியியலார் கையாளும் பழைய முறை ஒன்று உண்டு. கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாவில் பூசி, பேசுபவரை ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, வாய்க்குள் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அண்ணத்தைப் படமெடுப்பது. நா தொட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். கேட்பதற்குக் கேலிக்கூத்துபோல் இருந்தாலும், பல ஆயிரம் ரூபாய்க் கருவிகள் தரும் விடையை ஒரு கரண்டிக் கரி தந்துவிடும். த, ந பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் அண்ணத்தை ஒட்டிய பல்லடி என்கிறது. நன்னூல் அதையே ‘அண்பல்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் என்று இன்று விளக்கிச் சொல்லலாம்.

என் முதல் தகவலாளர் அம்மாதான். அவருடைய ‘பத்து’ நான் எதிர்பார்த்த இடத்திலேயே விழுந்திருந்தது. ஆனால் படத்தில் அண்பல்லின் தோற்றம் எனக்கு விளங்கவில்லை. மேடு பள்ளம் எதுவும் இல்லாமல், மெழுகு பூசியதுபோல் மழமழவென்று இருந்தது. பற்களின் முனைகளில் ஒளி ஊடுருவியது. விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் தோழி பல் மருத்துவம் முடித்துப் பொதுச் சுகாதார ஆய்வுக்கு வந்தவர். கறுப்புத் தடத்தை அவருக்குப் பெருமையுடன் காட்டினேன். அவர் தடத்தைப் பார்க்கவில்லை. “உங்கள் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?” என்று கேட்டார்.

உண்டு. பத்தாண்டுகளுக்கு மேலாக. இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். மேலேறிவரும் இரைப்பை அமிலம் முதலில் மோதுவது நாவின் மேற்பரப்பிலும், நாவுக்கு எதிரே நிற்கும் மேல்முன்பற்களின் உட்புறத்திலும். குளிர்பானம் குடிப்பவருக்குப் பற்களின் வெளிப்புறமும் அரிக்கப்படலாம். உட்புறம் மட்டும் வழுவழுத்திருந்தால் பல் மருத்துவர் வயிற்றை ஐயுறுகிறார். வாந்தி அடிக்கடி வருபவர்களிடமும் இதே தடயம் தெரியும். உண்டதை வேண்டுமென்றே வாந்தியெடுக்கும் உணவு நோய்க்கு ஆளானவர்கள் அதை எவரிடமும் சொல்வதில்லை. அவர்களுடைய பற்களின் உட்புறம் முதலில் சொல்லிவிடுகிறது. விடுதிகளில் வாழும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது.

எனாமலுக்குப் ‘பற்சிப்பி’ என்று பெயர் சூட்டியவர் யாரென்று தெரியவில்லை, நல்ல பெயர். சிப்பியைப் போலவே அதுவும் உயிர் கட்டிவைத்த கனிமம். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகம். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. ஈறை நெருங்க நெருங்க மெலிந்து கத்திவாயாக முடிகிறது. இதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மடிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டியவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு நிற்கும் கோட்டை அது.

நல்ல எனாமலைப் பற்பசை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பற்பசையில் அழுக்கைத் தேய்த்தெடுக்கச் சேர்க்கப்படும் துகள்களைத் ‘தேய்பொருள்’ என்று இங்கே குறிப்பிடுகிறேன். வினைத்தொகை; தேய்க்கும் பொருளா, தேயும் பொருளா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும் வசதி அதற்கு உண்டு. நம் நாட்டு வெள்ளைப் பசைகளில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் இனம். கூழ்போல் ஒளிரும் பசைகளில் நீரேற்றிய சிலிக்கா. மோஸ் என்பாரின் கடினத்தன்மை அளவுகோலில் எனாமல் ஏறத்தாழ 5, கால்சியம் கார்பனேட் 3. மென்மையானது கடினமானதைக் கீறாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியைப் பொருள் அறிவியலார் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆகவே, தேய்த்தேன் என்பது தேய்ந்தது என்பதை உட்கொள்ளவில்லை என்னும் நம் மொழியுணர்வு, நலமான பல்லைப் பொறுத்தவரை சரியே.

அமிலம் நடுவில் புகும்போது கணக்கு மாறுகிறது. அமிலம் எனாமலை மேலிருந்து ஒரே சீராக வழித்தெடுத்துக்கொண்டு போவதாக நான் எண்ணியிருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டு நிகழ்கின்றன. ஒரு பகுதி கரைந்து போய்விடுகிறது. அதற்கு அடியில் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்குப் படிகங்களுக்கு இடையிலிருந்து கனிமம் உருவப்பட்டு, உருவம் மாறாமல் உறுதி மட்டும் இழந்த ஒரு படலம் நிற்கிறது. கறையான் தின்ற கதவுபோல. வண்ணம் அப்படியே இருக்கும், விரல் வைத்தால் உள்ளே போகும். தலைமுடியின் குறுக்களவு ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரோமீட்டர் என்று நினைத்துக்கொண்டால் இப்படலம் எவ்வளவு மெல்லியது என்பது புரியும். மெல்லியதாயினும் அது இழக்கப்பட்டதன்று. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கின்றன. நேரம் கிடைத்தால், ஃபுளோரைடு துணை நின்றால், அப்படலம் ஓரளவு மீண்டும் இறுகும். அதற்குள் துகள் நிறைந்த பசையும் தூரிகையும் வந்தால் படலத்தின் ஒரு பகுதி வழிந்து வாய் கொப்பளிக்கும் நீருடன் போய்விடும். கீறுவதற்குக் கார்பனேட்டின் கடினம் போதாது என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் எதிரில் நிற்பது பழைய எனாமல் இல்லை. அமிலம் பட்ட பல்லில் மட்டும், தேய்த்தேன் என்றால் தேய்ந்தது என்று பொருள். எங்கள் ஆசிரியரின் சோதனை அங்கே வெற்றி பெறுகிறது.

இதை அம்மாவுக்கு விளக்க எனக்கு வேதியியல் தேவைப்படவில்லை. பித்தளைப் பாத்திரத்தை எப்படி விளக்குவார்கள்? முதலில் புளியைப் பூசி ஊறவிடுவார்கள். பிறகு சாம்பலோ செங்கல்தூளோ தொட்டுத் தேய்ப்பார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள களிம்பைத் தளர்த்துகிறது. துகள் அதை வழித்தெடுக்கிறது. அமிலம், அதன்பின் தேய்பொருள். இந்த வரிசை தற்செயலானதன்று. இதைவிடத் திறமான துப்புரவு முறையை எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. பித்தளையில் தளர்வது களிம்பு. பல்லில் தளர்வது பல்லேதான். நள்ளிரவில் புளித்த நீர் ஏறி, விடிந்ததும் முதல் வேலையாகப் பல் தேய்க்கும் ஒருவர், நாள்தோறும் புளி போட்டுப் பல்லை விளக்குகிறார்.

‘விளக்குதல்’ என்று எழுதும்போதே மொழியியல் மாணவிக்கு ஓர் அரிப்பு எடுக்கிறது. தமிழில் பாத்திரத்தையும் விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். ஒளிரச் செய்தல் என்பது பொருள். தெலுங்கில் கிண்ணங்களைத் ‘தோமு’வார்கள், பல்லையும் தோமுவார்கள். இந்தியில் பாத்திரத்தை ‘மாஞ்ஜ்னா’. பற்பொடியின் பெயர் ‘மஞ்ஜன்’. மலையாளத்தார் எங்களைப்போலவே பல்லைத் ‘தேய்க்க’ச் செய்கிறார்கள். இரு வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அடுப்படியிலும் முற்றத்திலும் ஒரே வினையைக் கையாண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே சாம்பலையும். பல்லை ஒரு பாத்திரமாகப் பார்க்கும் பார்வை இந்த வினைகளுக்குள் உறைந்துகிடக்கிறது. பாத்திரம் பளபளத்தால் துப்புரவாகிவிட்டது என்று பொருள். பல் அளவுக்கு மீறி மழமழத்தால் மருத்துவர் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்.

அம்மாவின் செய்தியில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதற்கு அடுத்த படி. எனாமல் வெண்மையானது என்று நாம் நினைத்தாலும் அது பாதி ஒளிபுகும் பொருள். அதன் கீழிருக்கும் டென்டின் மஞ்சள் சாயல் கொண்டது. எனாமல் மெலிய மெலிய அந்த மஞ்சள் மேலே தெரியத் தொடங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பவர் அதைக் கறை என்று நினைக்கிறார். கறையென்றால் தேய்க்க வேண்டும். வெண்மை தரும் என்று விளம்பரம் சொல்லும் பொடியை வாங்குகிறார். காபிக் கறை, வெற்றிலைக் கறை போன்ற மேற்கறைகளை அது நீக்கும், டென்டினின் நிறத்தை அதனால் மாற்ற முடியாது. நிறம் மாறாததால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார். எனாமல் இன்னும் மெலிகிறது, மஞ்சள் இன்னும் கூடுகிறது. இறுதியில் டென்டினே வெளிப்பட்டால் அதன் கடினம் ஏறத்தாழ சுண்ணாம்புக்கல்லின் கடினம்தான். அதைத் தேய்க்கச் சாதாரணப் பசையே போதும். அம்மா எப்போதும் துப்புரவில் குறைவைத்தவரல்லர். பற்களைப் பற்றி அவருக்கிருந்த வெட்கமும் அக்கறையுமே அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

பசையின் தேய்ப்புத் திறனை அளக்க ஓர் எண் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆர்டிஏ, சார்பு டென்டின் தேய்ப்பளவு என்று தமிழாக்கலாம். அளக்கும் முறை ஒரு மர்மக் கதைக்குரியது. பிடுங்கிய பல்லின் டென்டினை நியூட்ரான்களால் தாக்கி, அதிலுள்ள பாஸ்பரசைக் கதிரியக்கம் உடையதாக்குவார்கள். பிறகு இயந்திரத் தூரிகையால் தேய்த்து, பசைக் கரைசலுக்குள் எவ்வளவு கதிரியக்கம் வந்து சேர்ந்தது என்று எண்ணுவார்கள். 1976இல் ஹெஃபரன் என்பார் நெறிப்படுத்திய முறை இது. கால்சியம் பைரோபாஸ்பேட் என்னும் ஒப்பீட்டுப் பொருளுக்கு 100 என்று மதிப்பிட்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறார்கள். பன்னாட்டுத் தரம் 250 வரை ஏற்கிறது. எனாமலுக்கும் இதுபோல் ஓர் எண் உண்டு. அங்கே ஒப்பீட்டுப் பொருளின் மதிப்பு 10.

இவ்வெண்களைப் பற்றி எனக்குள்ள குறை இரண்டு. நான் கடைகளில் திருப்பிப் பார்த்த அட்டைகள் எதிலும் இவை அச்சிடப்பட்டிருக்கவில்லை. கிராம்பு, உப்பு, கரி என்று என்னென்னவோ பெரிய எழுத்தில் இருந்தன. மற்றது இன்னும் ஆழமானது. இவை அமிலம் படாத பல்லில் எடுத்த அளவுகள். இளகிய எனாமலில் எண் கூடிய பசை கூடுதலாக இழைக்கிறது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அதே பசையில் உள்ள ஃபுளோரைடும், அதிலும் குறிப்பாக வெள்ளீய ஃபுளோரைடும், இழப்பைக் குறைக்கின்றன. துகள் எவ்வளவு, அதன் வடிவம் என்ன, தூரிகையின் இழை எவ்வளவு மெல்லியது, கை எவ்வளவு அழுத்தியது என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. இத்தனையையும் ஓர் எண்ணில் அடக்கி அட்டையில் அச்சிட்டாலும் அம்மாவுக்கு அது சொல்லப்போவது கொஞ்சமே. இருந்தாலும் அச்சிட வேண்டும் என்பதே என் கட்சி. வாங்குபவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கலாம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 1907இல் வில்லபி டேட்டன் மில்லர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர், பல் திசுவின் இழப்பைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே அரிமானம், தேய்மானம், வேதித் தேய்மானம், உரிதல் என்று வழக்கிலிருந்த பெயர்களை அடுக்கி, ‘முதலியன’ என்று முடித்திருக்கிறார். அந்த ‘முதலியன’வில் அவருடைய களைப்பு தெரிகிறது. பிடுங்கிய பற்களைப் பற்பொடிகளால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த அவர், கரடுமுரடான பொடிகளைக் குற்றவாளிகளாக நிறுத்தினார். பெயர்ச்சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. பல் மருத்துவர் ‘எரோஷன்’ என்றால் அமிலத்தின் வேலை. பொறியாளர் அதே சொல்லைத் துகள் கலந்த ஓட்டம் ஒரு பரப்பை அரிப்பதற்குச் சொல்கிறார். அமிலம் செய்வதை அவர் ‘கரோஷன்’ என்பார். பல் மருத்துவத்துக்குள்ளேயே சிலர் பொறியாளர் பக்கம் சாய்ந்து பெயரை மாற்றச் சொல்கிறார்கள். தமிழில் ‘அரிப்பு’ இரண்டையும், தோல் நமைச்சலையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. ‘தேய்மானம்’ கணக்காளரிடம் போய்விட்டது.

அமிலத்தைப் பல் உணரும் விதத்துக்கு மட்டும் தமிழில் ஈடில்லாத சொல் இருக்கிறது: கூசுதல். வெயிலில் கண் கூசுகிறது; புளிப்பில் பல் கூசுகிறது; புதியவர் முன் மனம் கூசுகிறது. இந்தியிலோ பல்லைப் புளிக்கவைத்தான் என்றால் எதிரியைத் தோற்கடித்தான் என்று பொருள். அம்மாவுக்கு ஐஸ் தண்ணீர் பல்லில் பட்டால் கூச்சம். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூச்சம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது ஒரு சொல்லில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொன்னபோது அம்மா எளிதில் இறங்கிவரவில்லை. அவர் எடுத்துவைத்த எதிர்வாதம் வலுவானது.

“ஆச்சி சாவுற வரைக்கும் உமிக்கரிலதான் தேச்சா. உமிக்கரிய விடவா ஒரு பேஸ்ட்டு பெருசா தேச்சிரப் போவுது? அவ பல்லு கடைசி வரைக்கும் நின்னுச்சே மக்களே.”

நெல் உமி எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. விலையுயர்ந்த பசையில் ஆலையில் வடித்துச் சேர்ப்பதும் வேதியியலின்படி அதே சிலிக்காதான். வேறுபாடு துகளின் அளவிலும் வடிவிலும். ஆலையில் அதைப் பொடியாக, முனை மழுங்கியதாக, ஒரே சீராக வடிக்கிறார்கள். அடுப்பில் எரிந்த உமிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெப்பம் மிகுந்தால் சிலிக்கா படிகமாகிக் கூர்மை அடைவதும் உண்டு. அப்படிப் பார்த்தால் ஆச்சியின் பல் முன்பே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? ஆச்சி விரலால் தேய்த்தார். விரலின் சதை துகளை அழுத்திப் பிடிக்கும் திறன் தூரிகை இழைக்கு வேறு. அதைவிட முக்கியமானது, ஆச்சிக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. விடியற்காலையில் அவர் உமிக்கரியைத் தொட்டபோது எதிரே நின்றது இரவெல்லாம் உமிழ்நீரில் ஊறி உறுதியாய் நின்ற எனாமல். அம்மாவுக்கு வாய்த்தது இரவெல்லாம் அமிலத்தில் ஊறியது. பொடியை மட்டும் ஒப்பிட்டால் ஆச்சிதான் தோற்க வேண்டும். பொடிக்கு முன் என்ன நடந்தது என்பதைச் சேர்த்தால் கணக்கு சரியாகிறது. ஆலையும் வேலையும் பரிந்துரைக்கும் பழமொழிக்காரர்களுக்கும் இதையே சொல்லலாம். இன்றைய கரிப் பசைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2017இல் வெளிவந்த மதிப்பாய்வு, அவை பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. (நாவில் பூசும் என் ஆய்வுக்கரியை யாரும் பல்லில் தேய்ப்பதில்லை என்பதை என் நெறியாளருக்காகக் குறித்துவைக்கிறேன்.)

“அப்போ எப்பதான் பல்லு தேய்க்க?” என்றார் அம்மா. இக்கேள்விக்கு அறிவியலில் ஒரு குடும்பச் சண்டையே நடந்திருக்கிறது. தாமஸ் ஆட்டினும் அவர் குழுவினரும் 2001இல், தன்னார்வலர்களின் வாயில் எனாமல் துண்டுகளைப் பொருத்தி ஆராய்ந்து, அமிலம் பட்டபின் குறைந்தது 60 நிமிடம் பொறுத்துத் தேய்க்கலாம் என்றார்கள். அந்த அறிவுரை உலகம் முழுவதும் பரவியது. அரைமணி, ஒருமணி என்று பல் மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்டது. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த லூசி முதலானோர், 4 மணிநேரம் காத்தாலும் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு கிடைப்பதில்லை என்று எழுதினார்கள். உமிழ்நீர் அவ்வளவு விரைவில் படலத்தை இறுக்கிவிடுவதில்லை. என் தோழியின் நிலைப்பாடு இடைப்பட்டது: காத்திருப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் காத்திருப்பதையே மருந்தாக நம்பி அமிலத்தை விட்டுவைப்பது வீண். இரைப்பையைக் கவனிக்காமல் தூரிகையின் நேரத்தைக் கவனிப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போன்றது என்றார்.

ஆகவே முதலில் பார்த்தது குடல் மருத்துவரை. இரவுணவு முன்னதாக, தலைமாடு சற்று உயரமாக, மருந்து தவறாமல். பல்லுக்கு: எழுந்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளிப்பு, தேய்ப்பது பிறகு. வெண்மைப் பொடி நிறுத்தம். ஃபுளோரைடு உள்ள பசை, மென்மையான தூரிகை, பென்சில் பிடிப்பதுபோல் இலேசான பிடி. இந்தியாவில் பற்பசையின் ஃபுளோரைடுக்கு 1000 பிபிஎம் என்று சட்ட வரம்பு உண்டு. நான் இருக்கும் தெலங்கானாவின் நல்கொண்டாவில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் எலும்பு வளைந்தவர்களைப் பார்த்தவர்கள் இந்த எச்சரிக்கையைப் பழிக்கமாட்டார்கள். புளிப்பையெல்லாம் விலக்க வேண்டியதில்லை என்பது அம்மாவுக்குக் கிடைத்த ஆறுதல். எலுமிச்சைச் சாறும் தயிரும் இரண்டும் புளிப்பே. ஆனால் தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் அது எனாமலிலிருந்து எதையும் உருவிக்கொள்வதில்லை. தயிர்ச்சோறு தப்பியது.

என் சொற்களைவிட அவரை மாற்றியது ஆச்சியின் பித்தளைக் குடம் என்று நினைக்கிறேன். “நான் முப்பது வருசமா வெளக்குதேன், அது தேஞ்சா போச்சு?” என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதன் தோளில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் ஒன்று இருந்தது. ஆச்சியின் அப்பா சீராகத் தந்தபோது வெட்டியது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் இப்போது கைக்குத் தட்டுப்படுகின்றனவாம். நடுவெழுத்துகள் எப்போது போயின என்று அவருக்குத் தெரியவில்லை.

போன பற்சிப்பி போனதுதான். மருத்துவர் மேல்முன்பற்கள் நான்கின் உட்புறத்துக்குப் பூச்சு வைத்திருக்கிறார். அரிமானத்தை 0 முதல் 3 வரை மதிப்பிட 2008இல் வகுத்த ஒரு முறை உண்டு. அம்மாவின் வாயில் மிக மோசமான இடத்துக்கு 2 போட்டார். அடுத்த ஆண்டு அது 2 ஆகவே இருந்தால் வெற்றி. எனக்கு அதில் ஒரு சிறு இழப்பும் உண்டு: பூச்சு வைத்த அண்பல்லில் அவருடைய ‘பத்து’ இனி வேறுவிதமாக விழும், அந்தப் பதிவை ஆய்வில் முன்னதற்குப் பின் என்று தனியே வைக்க வேண்டும்.

இதன் பிறகு என் இசைவுப் படிவத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. வாயின் படத்தில் உடல்நலம் பற்றிய ஏதாவது தென்பட்டால் தங்களிடம் சொல்லலாமா, வேண்டாமா? ஒலியியல் ஆய்வுக்கு வாயைத் திறந்தவர் மருத்துவச் சோதனைக்கு இசையவில்லை. அதேசமயம், கண்ணில் பட்டதை மறைத்து ஒலிப்பிடத்தை மட்டும் குறித்துக்கொண்டு திரும்புவதும் எனக்கு இயலவில்லை. துறையின் நெறிக்குழு இவ்வரியை இரண்டு கூட்டங்கள் பேசி ஏற்றது. நான் மருத்துவர் இல்லை, பல் மருத்துவரைப் பாருங்கள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று கீழே சேர்க்கச் சொன்னார்கள். இதுவரை கையெழுத்திட்ட பதினொருவரில் பத்துப் பேர் ‘சொல்லலாம்’ என்று குறித்திருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு மீனவப் பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்பதில் கோடு போட்டார். என்னிடம் உள்ள பதிவுகளில் பத்து, பற்று, பட்டு மூன்றும் மிகத் தெளிவாகப் பிரிந்து நிற்பது அவர் வாயில்தான். அவருடைய படங்களில் நான் கறுப்பை மட்டும் பார்க்கிறேன்.